மயிலாடி வழியே கோபன்ஹேகன்

ஆகஸ்ட் மாத இறுதியில் ஹாம்பர்க் நகரிலுள்ள எங்கள் மகள் வீட்டுக்குச் செல்ல இருக்கிறோம். அவள் அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறாள். குமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலிருந்தாவது இப்படிக் கடல் கடந்து போன செவிலியர் ஒருவர் இருப்பார் என்பதால் இதில் புதுமை ஏதுமில்லை. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை அவளுக்குப் பணி இல்லாத ஒரு வாரத்தில், வடக்கே கடலோரத்தில் இருக்கும் தலைநகர் ஒன்றுக்குக் குடும்பமாகப் போய்வரலாம் என்று அவளே சொன்னாள். எந்த நகரம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பை மட்டும், பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற காரணத்தால், நாகர்கோவிலில் இருக்கும் என்னிடம் விட்டுவிட்டாள்.

ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ, ஹெல்சின்கி, கோபன்ஹேகன் ஆகிய நான்கையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, நடைமுறைக் காரணம் ஒன்றே மூன்று நகரங்களை விலக்கிவிட்டது. அம்மூன்றுக்கும் ஹாம்பர்க்கிலிருந்து விமானத்தில்தான் போக முடியும். ரயிலில் போவதானால் பயணத்திலேயே விடுமுறை கழிந்துவிடும். விமானப் பயணம் இரண்டு மணி நேரம்தான் என்றாலும், முன்னும் பின்னுமாக விமான நிலையங்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். கோபன்ஹேகனுக்கோ ஹாம்பர்க் மைய நிலையத்திலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணத்தின் முடிவில் நகரின் நடுவிலேயே அது நம்மை இறக்கிவிடுகிறது. ஆயினும் என் மனம் அந்த நகரத்தின் பக்கம் சாய்ந்ததற்கு ரயில் மட்டும் காரணமன்று.

எங்கள் குமரி மாவட்டத்து மயிலாடியைத் தெரிந்தவர்கள் ரிங்கல்தௌபேயின் பெயரையும் கேட்டிருப்பார்கள். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் மிஷனரியான அவர், வேதமாணிக்கம் என்ற பெயர் பெற்ற மகாராசனின் அழைப்பை ஏற்று 1806ஆம் ஆண்டு இங்கே வந்தார்; 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. அவரை அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். ஆனால் அவர் கப்பல் ஏறியது லண்டனில் அன்று, கோபன்ஹேகனில். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அக்காலத்தில் மிஷனரிகள் தன் ஆட்சிப்பகுதிக்குள் வருவதை விரும்பவில்லை. ஆகவே அவரும் உடன் வந்தவர்களும் டென்மார்க்குக்குச் சென்று, 1804 ஏப்ரலில் அங்கிருந்து புறப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கே தமிழ் கற்ற பிறகுதான் அவர் தெற்கு நோக்கி வந்தார். எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகிய வரலாற்றைத் தொடக்கம் வரை தேடிப் போகிறவர், கடைசியில் அந்தத் துறைமுகத்தின் கரையில்தான் போய் நிற்க வேண்டும்.

அதற்கு நூறாண்டு முன்னரே மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சௌவும் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக்கின் ஆணைப்படி கோபன்ஹேகனில் இருந்து புறப்பட்டு, 1706 ஜூலையில் தரங்கம்பாடியை அடைந்தார்கள் என்பதைத் தமிழர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்னர், நான்காம் கிறிஸ்டியான் ஆண்ட காலத்தில், ஓவே ஜெட்டே என்ற இளம் தளபதியின் கப்பல்கள் 1618 நவம்பரில் அங்கிருந்து கிளம்பின. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பியவர்கள் அவர்களே. நாயக்கர் அந்த அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது வார இறுதியில் போய் எட்டிப் பார்த்துவிடக்கூடிய பொருளன்று. ஆனால் அந்தக் கடிதத்தைப் பெற்ற அரசர் கட்டிய நகரத்தை அப்படிப் பார்க்கலாம். நான்காம் கிறிஸ்டியான் கட்டடங்கள் எழுப்புவதில் தீராத ஆர்வம் கொண்டவர். இன்று கோபன்ஹேகனில் பழைமை என்று சுட்டிக் காட்டப்படுபவற்றில் பெரும் பங்கு அவர் காலத்தவை. அவற்றில் பல ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கின்றன. எனவே கப்பல் புறப்பட்ட கரை, கப்பலை அனுப்பிய அரசரின் கட்டடங்கள் ஆகிய இரண்டையும் மட்டும் பார்ப்பது, மற்றவை வழியில் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

இந்தத் தீர்மானத்தை வீட்டார் எளிதில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. மருமகன் அனுப்பிய பட்டியலில் கடலைத் தாண்டி ஸ்வீடனிலுள்ள மால்மோ, ஹெல்சிங்ஓரில் உள்ள குரோன்போர்க் அரண்மனை, நகருக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள லூசியானா கலைக்கூடம் என்று எல்லாம் இருந்தன. அதை வாசித்துக் காட்டியபோது என் கணவர் தொலைபேசியிலேயே, "மக்களே, ரெண்டு நாளைக்குள்ள இவ்வளவு எடமும் ஓடி ஓடிப் பாக்கணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் பக்கத்துக்கு வலுச் சேர்த்தது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட ஓரெசுன்ட் பாலத்தின் வழியே மால்மோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு நாட்டில் கால் வைத்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஒரு பிற்பகலைக் கொடுப்பது, இருப்பதே இரண்டு பகல் என்னும்போது, எனக்கு நியாயமாகப் படவில்லை.

விசா பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் அதில் சேர்ந்த நாடுகள் அனைத்துக்கும் செல்லலாம். டென்மார்க்கும் அவற்றுள் ஒன்று. அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், நாங்கள் ஜெர்மனிக்கு விண்ணப்பித்து, கோபன்ஹேகன் செல்வதையும் பயணத் திட்டத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறோம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க இயலாது. கோடைக்காலத்தில் நேர்காணலுக்கு இடம் கிடைப்பதே அரிது என்பதாலும், கைரேகை கொடுக்கச் சென்னைக்கு ஓர் இரவு ரயிலில் போய்வர வேண்டியிருப்பதாலும், இதைத் தள்ளிப் போடாமல் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒரே விசா என்ற எண்ணத்தில் கடவுச்சீட்டை ஹாம்பர்க்கிலேயே வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. டென்மார்க் தன் எல்லையில் தற்காலிகச் சோதனைகளை நெடுங்காலமாகவே நடத்திவருகிறது. ரயிலில் காவலர்கள் ஏறிக் கேட்பது உண்டு.

ரயில் பாதையே பார்க்க வேண்டிய ஒன்று. 2019 டிசம்பர் வரை இந்த ரயில் புட்கார்டன் என்ற இடத்தில் அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் ஏறிக் கடலைக் கடந்தது. இப்போது அது யூட்லாந்து தீபகற்பத்தின் வழியாகச் சுற்றி, ஃபியூன் தீவைக் கடந்து, பெருநீரிணையின் ஒரு பாதியைப் பாலத்தின் மீதும், மறு பாதியைக் கடலடிச் சுரங்கத்திலும் தாண்டுகிறது. பழைய கப்பல் வழியில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்தில் புதிய கடலடிச் சுரங்கம் ஒன்று கட்டப்பட்டு வருகிறது. அது முடிந்தால் பயண நேரம் பாதியாகக் குறையும். எங்கள் பேரனுக்கு ரயிலோடு கப்பல் ஏற முடியாமற்போனதில் வருத்தம். கடலுக்கு அடியில் போகப் போகிறோம் என்று சொல்லி அவனைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள் மகள்.

வெள்ளி இரவு நேரம் கழித்துத்தான் போய்ச் சேருவோம். மெட்ரோ ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் இரவு முழுவதும் ஓடுகின்றன என்றாலும், குழந்தையோடும் பெட்டிகளோடும் அலையாமல் இருக்க, மைய நிலையத்தை ஒட்டிய வெஸ்டர்ப்ரோ பகுதியில் விடுதி பார்த்திருக்கிறோம். டென்மார்க் யூரோவை ஏற்கவில்லை. அங்கே குரோனர்தான் நாணயம். ஒரு யூரோவுக்குச் சுமார் ஏழரை குரோனர் என்ற அளவில் அதன் மதிப்பு ஏறக்குறைய மாறாமல் இருந்துவருகிறது. எங்கும் அட்டையிலேயே பணம் செலுத்தலாம் என்பதால் நோட்டுகளை மாற்றிக்கொண்டு போகப் போவதில்லை. விலைகளைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: ரூபாயில் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் ஒரு காப்பிகூடத் தொண்டையில் இறங்காது.

சனிக்கிழமைக் காலைதான் திட்டத்தின் இதயம். மெட்ரோவில் காமல் ஸ்ட்ராண்ட் நிலையத்தில் இறங்கி, நாடாளுமன்றம் இயங்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனையைச் சுற்றிக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தால், பழைய பங்குச் சந்தைக் கட்டடமான பெர்சன் வரும். கிழக்கத்திய வாணிகத்தில் கண் வைத்து நான்காம் கிறிஸ்டியான் கட்டியது அது. நான்கு டிராகன்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு உயர்ந்த அதன் கூரான கோபுரம், 2024 ஏப்ரல் 16ஆம் தேதி நேர்ந்த தீ விபத்தில் எரிந்து சாய்ந்தது. மீட்டுக் கட்டும் பணி நடந்துகொண்டிருக்கிறது. சாரங்களைத்தான் பார்க்க முடியும் என்று தெரிந்தும் அங்கே நிற்க விரும்புகிறேன். கால்வாயின் மறுகரையில் ஹோல்மென் ஆலயம் இருக்கிறது. கப்பல்களுக்கு நங்கூரம் அடித்த கொல்லன் பட்டறையை 1619இல் கடற்படையினருக்கான தேவாலயமாக மாற்றினார் அந்த அரசர். ஓவே ஜெட்டேயின் கப்பல்கள் அப்போது இந்தியாவை நோக்கிக் கடலில் இருந்தன. நங்கூரப் பட்டறை கோயிலாகிவிட்ட கதையைக் குளச்சலிலோ முட்டத்திலோ சொன்னால் யாரும் வியப்படைய மாட்டார்கள்; எங்கள் கடற்கரையில் ஆலயமும் படகும் அவ்வளவு நெருக்கம்.

அங்கிருந்து கினிப்பல்ஸ்ப்ரோ பாலத்தைக் கடந்தால் கிறிஸ்டியான்ஸ்ஹவன். ஆம்ஸ்டர்டாமைப் போலக் கால்வாய்கள் வெட்டி அதே அரசர் உருவாக்கிய பகுதி இது. பாலத்திலிருந்து இறங்கி இடப்பக்கம் ஸ்ட்ராண்ட்காதே தெருவில் சிறிது நடந்தால், 1732இல் தொடங்கப்பட்ட டேனிஷ் ஆசியக் கம்பெனியின் தலைமையகமும் கிடங்குகளும் இருந்த ஆசியாடிஸ்க் பிளாஸ் வருகிறது. தலைமையகக் கட்டடம் 1738ஆம் ஆண்டினது. அதனருகே நீரை ஒட்டி நிற்கும் பெரிய கிடங்கு 1750 வாக்கில் முடிக்கப்பட்டது. சோழமண்டலக் கரையின் துணிகளும் சீனத்துத் தேயிலையும் வந்திறங்கிய அந்த இடம் இன்று டென்மார்க் வெளியுறவு அமைச்சகத்தின் வளாகம். உள்ளே போவதற்கு வழியில்லை. நீரோரமாக நின்று பார்க்கலாம். சுற்றுலா நூல்கள் இந்த இடத்துக்கு ஒரு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. நானோ ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்; அதற்காக வீட்டில் என்னைக் கேலி செய்கிறார்கள்.

அருகிலேயே மீட்பர் ஆலயம் இருக்கிறது. அதன் கோபுரத்தைச் சுற்றி வெளிப்புறமாகவே படிக்கட்டு சுழன்று மேலேறுகிறது. மொத்தம் 400 படிகளில் கடைசி 150 படிகளைத் திறந்தவெளியில்தான் ஏற வேண்டும். பலத்த காற்றடித்தால் அடைத்துவிடுவார்கள். மகளும் மருமகனும் ஏறட்டும். முழங்கால் வலி உள்ள எங்களைப் போன்றவர்களுக்கென்றே நான்காம் கிறிஸ்டியான் வேறொன்று கட்டிவைத்திருக்கிறார்: 1642இல் முடிக்கப்பட்ட வட்டக் கோபுரம். விண்மீன்களை ஆராய்வதற்காகக் கட்டப்பட்ட அதில், மேல்தளம் வரை ஏறத்தாழப் படிகளே இல்லாமல், கோபுரத்தை ஏழரைச் சுற்றுச் சுற்றி 209 மீட்டர் நீளச் சாய்தளம் ஒன்று ஏறுகிறது. நம் வட்டக்கோட்டையில் மதில்மேல் ஏறும் சரிவுப் பாதையை, உருளைக்குள் சுருட்டி வைத்ததாக எண்ணிக்கொள்ளலாம். ரஷ்ய மன்னர் பீட்டர் 1716இல் அதில் குதிரை மீதேறிப் போனார் என்கிறார்கள். உச்சியில் மட்டும் கொஞ்சம் குறுகலான படிகள் உண்டு.

மதிய உணவை நியூஹவன் கால்வாய்க் கரையில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. வண்ண வண்ண வீடுகளும் பழைய பாய்மரக் கப்பல்களும் நிற்கும் அந்தக் கரையை நடந்து பார்ப்பதற்குக் காசு இல்லை; அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் காசு. வட்டக் கோபுரத்திலிருந்து சற்று நடந்தால் தோர்வஹல்லர்ன் என்ற கண்ணாடிக் கூரையிட்ட சந்தை இருக்கிறது. அங்கே கம்பு நிறத்தில் இருக்கும் ரை ரொட்டித் துண்டின்மேல் ஊறவைத்த மீனோ இறாலோ அடுக்கித் தரும் ஸ்மோர்பிரோட் கிடைக்கும். ஊறவைத்த அந்த ஹெர்ரிங் மீன் நம் சாளையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதை மிளகாயும் புளியும் இல்லாமல், வினிகரும் சர்க்கரையும் சேர்த்துத் தருகிறார்கள். என் கணவர் அதை எப்படி எதிர்கொள்வார் என்பது பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. நம் மீன்கறியின் காரமில்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே சோறும் இல்லை.

பிற்பகலில் தேசிய அருங்காட்சியகம். தரங்கம்பாடி ஆளுநர் மாளிகையைச் சீரமைக்கும் பணியில் பங்கெடுத்த நிறுவனம் இது. டென்மார்க்கின் முன்னாள் குடியேற்றங்கள் பற்றிய பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறேன். கற்காலம் முதல் வைக்கிங்குகள் வரை அனைத்தையும் பார்க்க முனைந்தால் கால்கள் முதலில் கைவிடும், அதன் பின் கண்கள் கைவிடும். குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி அங்கே இருப்பதால், பேரனை அவன் தாயோடு அங்கே விட்டுவிட்டு நாங்கள் நிதானமாகப் பார்க்க முடியும். 1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியை, வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 225 ஆண்டுத் தொடர்பு அந்த விலைக்கு முடிந்தது. அந்த நாடு தன் கண்ணாடிப் பெட்டிகளில் இதை எப்படிச் சொல்லியிருக்கிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

சனிக்கிழமை இரவைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டோம். மைய நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் டிவோலி பூங்கா 1843இல் திறக்கப்பட்டது. அங்குள்ள மரத்தாலான மலைரயில் (ரோலர் கோஸ்டர்) 1914ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த இன்றும் ஓர் ஊழியர் வண்டியிலேயே உட்கார்ந்து பிரேக் பிடிக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் வேறு, உள்ளே ஏறும் விளையாட்டுகளுக்குக் கட்டணம் வேறு.

ஞாயிறு காலையில் என் கணவர் வழிபாட்டுக்குப் போக வேண்டும் என்பார். சபை டேனிஷ் மொழியில் பாடினாலும் லூத்தரன் பாடல்களின் மெட்டுகளில் சில நமக்குப் பழக்கமானவையாக இருக்கக்கூடும் என்பது அவருடைய நம்பிக்கை. வழிபாட்டு நேரத்தில் ஆலயங்களைச் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால், மற்றவர்கள் அந்த நேரத்தில் துறைமுகப் படகில் ஏறுவதே பொருத்தம். நகரப் பேருந்துக்கு வாங்கும் அதே பயணச்சீட்டிலேயே இந்தப் படகுகளிலும் போகலாம். கரும் கண்ணாடியும் கருங்கல்லும் போர்த்திய அரச நூலகம், 2005இல் திறக்கப்பட்ட இசைநாடக அரங்கம், ஆசியாடிஸ்க் பிளாஸின் பழைய கிடங்கு எல்லாவற்றையும் நீரின் மீதிருந்து பார்த்துக்கொண்டே வரலாம். படகுக்காகப் பணம் கட்டிப் பெரிய சுற்றுலாப் படகில் ஏறுவது தேவையற்றது என்பது என் கருத்து. இந்தத் துறைமுக நீரில் ஒரு காலத்தில் கழிவுகள் கலந்தன. அதைத் தூய்மைப்படுத்தி, 2002இல் ஐலண்ட்ஸ் பிரிக்கே கரையில் நீந்துவதற்கென்று இடம் திறந்தார்கள். நம் பழையாற்றின் நிலையை நினைத்துக்கொண்டு இந்த வரியை எழுதுகிறேன்.

சிறு கடற்கன்னிச் சிலை எங்கள் திட்டத்தில் இல்லை. 1913இல் வைக்கப்பட்ட அந்த வெண்கலச் சிலை ஒன்றேகால் மீட்டர் உயரமே உடையது. குமரிமுனைப் பாறையில் 133 அடி வள்ளுவரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது ஏமாற்றமளிக்கும் என்று மகளே எச்சரித்துவிட்டாள். அதன் அருகே நட்சத்திர வடிவில் இருக்கும் காஸ்டெல்லெட் கோட்டையின் மண்மதில் மேல் நடக்க நேரம் கிடைத்தால், போகிற வழியில் சிலையையும் பார்த்துக்கொள்ளலாம்.

உடைகளைப் பொறுத்தவரை, செப்டம்பர் தொடக்கத்தில் பகல் வெப்பம் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டியே இருக்கும், காற்று எப்போதும் உண்டு, மழையும் சொல்லாமல் வரும். சேலையின் மேல் காற்றுப் புகாத மேலங்கி ஒன்று போதும் என்று நினைக்கிறேன். குடை அந்தக் காற்றில் நிற்காது. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் மிதிவண்டிகளுக்கென்று ஒரு பாதை இருக்கும். அதில் தெரியாமல் இறங்கி நின்றால் பின்னால் வருகிறவர் மோதிவிடக்கூடும் என்று மருமகன் என்னிடம் மூன்று முறையாவது சொல்லிவிட்டார்.

ஞாயிறு பிற்பகல் ரயிலில் திரும்புகிறோம். திங்களன்று மகளுக்குக் காலை முறைப் பணி என்பதால் மாலை ரயிலுக்கு இடமில்லை. கோடையில் இந்த ரயிலில் இருக்கை முன்பதிவு இல்லாமல் ஏறுவது நல்லதன்று. பயணச்சீட்டும் முன்கூட்டி வாங்கினால்தான் மலிவாகக் கிடைக்கிறது. ஆகவே விசா கைக்கு வந்த அன்றே ஐந்து இருக்கைகளுக்கும் சீட்டு எடுத்துவிடுமாறு மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.